சந்தனம் பட்ட படம்

காங்கேயம்
2.11.1996

அன்புள்ள கண்ணு ஈஸ்வரமூர்த்திக்கு, அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை மதிவதனி எழுதுவது. இங்கு நாங்கள் மூவரும் மாடு கன்றுகளும் சுகமாக இருக்கிறோம். டேராடூனில் குளிர் ஏறியிருக்கும், காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இங்கே நல்ல மழை. மாடு மேயும் கொரங்காட்டில் புல் முழங்கால் உயரம் வந்துவிட்டது. உன் படிப்புக்கு நீ படம் கேட்டிருந்த எருக்கம்புழு வேலியோரத்து எருக்கஞ்செடியிலேயே கிடைத்தது. மதிவதனி தினமும் காலையில் போய், நீ கேமராவில் கட்டிவிட்ட நூலால் தூரம் அளந்து படம் எடுத்தாள், யாராவது வந்தால் கேமராவைத் தாவணிக்குள் மறைத்துக்கொள்வாள். உன் அய்யன் பார்த்துவிட்டு, "ஏம்மணி, புழுவுக்கு மாப்பிள்ள பாக்கறமா, தெனமும் போட்டோ எடுக்கற?" என்று சிரித்தார். முட்டை, வரி போட்ட புழு, பச்சைக் கூடு எல்லாம் எடுத்தாயிற்று. பட்டாம்பூச்சி வெளியே வரும் படம் ஒன்றுதான் பாக்கி, அது இல்லாவிட்டால் உங்கள் வாத்தியார் மற்றதையும் வாங்கமாட்டார் என்று எழுதியிருந்தாய்.

ஆயுத பூஜைக்கு அரிவாள், மண்வெட்டியோடு உன் கேமராவையும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் பொட்டு வைக்கிற மாதிரி அதன் நடுக் கண்ணாடியிலும் சந்தனம் வைத்துவிட்டேன். மறுநாள் விடிந்ததும் இவள் ஓடி வந்து, கூட்டுக்குள் இறக்கை நிறம் தெரிகிறது என்றாள். பூஜையில் வைத்ததை இன்னும் எடுக்கவில்லையே என்று தொடப் பயந்து நின்றாள். "சாமி ஒண்ணுஞ் சொல்லாது, எடுத்துட்டு ஓடு" என்று நான்தான் அனுப்பினேன். இவள் பார்ப்பது மேலே உள்ள சின்ன ஜன்னல் வழியாக, சந்தனம் எப்படித் தெரியும்? ஸ்டுடியோவில் கழுவி வந்தபோது பூச்சியை எடுத்த ஐந்து படத்திலும் நடுவில் ஒரே மங்கல், ஓரத்தில் மட்டும் இறக்கை. தனக்கு எடுக்கத் தெரியவில்லை என்று எழுதப் போனாள். சந்தனம் வைத்தது நான் என்று எழுது என்றேன், மாட்டேன் என்று பேனாவை மூடிவிட்டாள். "நாஞ் சொல்றத எழுதறயா, இல்ல பக்கத்து ஊட்டு ஜன்னத்துப் புள்ளய எழுதக் கூப்புடட்டா?" என்ற பிறகுதான் எழுதுகிறாள். அவளைத் திட்டாதே கண்ணு.

படங்களை இதோடு வைத்திருக்கிறேன். எருக்கு வேலியை அடைக்கிறது, வெட்டவேண்டும் என்கிறார் அய்யன். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. அவிநாசியப்பன் உனக்குக் குறை வைக்கமாட்டான். ஒரு பிலிம் ரோல் அனுப்ப மறக்காதே.

உன் அம்மா
பழனியாத்தாள்

அண்ணா, இது நான். இன்று அதே எருக்கில் மூன்று இலைகளில் மூன்று முட்டைகள் இருக்கின்றன. அய்யன் அரிவாளோடு வந்தார். செடிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். வேலியில் கிளுவைக் கிளைகளை மட்டும் கழித்துவிட்டுப் போய்விட்டார். பூச்சியாக இன்னும் இருபது நாள்தான் ஆகும், ரோல் அதற்குள் வந்துவிட வேண்டும்.

மதி