மூன்று கருகிய பேனாக்கள்

மார்ச் 4, செவ்வாய்
சிறுசேரி ஆபீஸ் ஷட்டில் பஸ் இன்றும் தாமதம். வேலை பார்த்தேன். சாப்பிட்டேன் — என்ன என்று நினைவில்லை. மாமல்லபுரம் ரோட்டில் பைக் விபத்தில் தம்பி ரோஹித் போய் நாற்பத்தோரு நாள். நான் இன்னும் அழவில்லை. "கல்லு மாதிரி இருக்கா" என்று அம்மா சித்தியிடம் ஃபோனில் சொன்னது காதில் விழுந்தது. சரிதான்.

மார்ச் 8, சனி
அவன் மேசை டிராயரைக் காலி செய்தேன். அவனுக்குப் பத்து வயதில் சிங்கப்பூர் மாமா வாங்கித் தந்த கையடக்க வீடியோ கேம், உள்ளே ஆட்டம் பதிந்த கேசட். அடியில் ஒரு லைட்டர், பின்முனை கருகிய மூன்று பேனாக்கள். பத்தாவது படிக்கும்போது இவை அகப்பட்டுத்தான், சிகரெட் பிடிக்கிறான் என்று அப்பா பெல்ட்டால் அடித்தார். அவன் மறுக்கவேயில்லை. அதன்பிறகு இருவருக்கும் பேச்சு குறைந்தது. இதையெல்லாமா வைத்திருந்தான்?
பேனாக்களைக் குப்பைக் கவரில் போட்டேன். கேம் ஓடியது. அவன் சேமித்து வைத்த ஆட்டம் அப்படியே இருந்தது; ரோஹித், அறுபத்தொரு மணி நேரம் என்று திரை காட்டியது.

மார்ச் 10, திங்கள்
செங்கல்பட்டு ஸ்டேஷன் பக்கம் மொபைல் ரிப்பேர் கடை தீனாவிடம் காட்டினேன். "கேசட்டுக்குள்ள ஒரு பேட்டரி கீதுக்கா. அது செத்தா உன் தம்பி ஆடுனது எல்லாம் பூடும். எப்போ வேணா சாவும்."
கேசட்டின் பின்னால் ஒரே ஒரு ஸ்குரூ. ஆழமான குழிக்குள், தலையைச் சுற்றி ஆறு பல். தீனாவிடமிருந்த எந்த ஸ்குரூ டிரைவரும் சேரவில்லை. "இதுக்குன்னு தனி டூலு. வெளிநாட்லேர்ந்து வர ஒரு மாசம் ஆவும்."
போனால் போகட்டும் என்று நினைத்துப் பார்த்தேன். முடியவில்லை.

மார்ச் 12
ஒரு மாதமா?

மார்ச் 15, சனி
தீனா ஃபோன் செய்தான். "பேனா பின்பக்கத்த நெருப்புல காட்டுக்கா. இளகுனதும் ஸ்குரூ மேல அமுக்கு. ஆறுனப்புறம் திருப்பு, அதான் டூலு."
ரோஹித்தின் லைட்டரையே எடுத்தேன். என் பேனாக்களில் முதலாவது எரிந்து சொட்டியது. இரண்டாவதில் அவசரப்பட்டேன், வழுக்கியது. மூன்றாவதை நூறு எண்ணும்வரை அசைக்கவில்லை. ஸ்குரூ திரும்பியது. பேனாவை எடுத்துப் பார்த்தால், கருகிய முனையில் ஆறு பல்லின் அச்சு.
குப்பைக் கவர் பால்கனியிலேயே இருந்தது. கொட்டித் தேடினேன். அவன் பேனா மூன்றிலும் ஆறு பல்.
டேய் லூசு — இதுக்காகவாடா? கேம்னு தெரிஞ்சா அப்பா தூக்கிப் போட்டுடுவார்னு, சிகரெட்டுன்னே நெனச்சுக்கட்டும்னு அடி வாங்கினியா? எனக்கும் உன்ன ஒரு வார்த்தை கேக்கத் தோணலியேடா.
அழுகை வரவில்லை. அவன் பேனாக்களைத் துடைத்து மறுபடி டிராயரில் வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு
தீனா பேட்டரி மாற்றிவிட்டான். கழற்றும்போது வேறொரு பேட்டரியை ஒயரால் சேர்த்து வைத்ததால் எதுவும் அழியவில்லை. "முன்னாடியே யாரோ மாத்திகீறாங்கக்கா. நீட்டா பண்ணிகீறாங்க."
வீட்டில் அப்பா முன்னால் பேனாக்களை வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.
"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே" என்றார்.
"சொல்லியிருந்தா?"
"உடைச்சிருப்பேன்."
கண்ணாடியை மாட்டிக்கொண்டு கேமை வாங்கினார். "இதுல அவன் எங்க?" குகை வாசலில் நின்ற சின்ன உருவத்தைக் காட்டினேன். என் விரல் பட்டனுக்குப் போனது.
"நகர்த்தாதே. நிக்கட்டும்."
கேமை மடியில் வைத்துக்கொண்டு, "பேட்டரி எத்தனை நாள் வரும்?"
"பதினஞ்சு வருஷம் வருமாம்."
அப்பாவுக்கு அறுபத்தேழு. "எனக்குப் போதும்" என்றார்.