கூறைப்புடவையில் மண் நிரப்பிய அண்ணிக்கு

என் பிரியமான அண்ணி,

உங்க காரியம் முடிஞ்சு சொந்தக்காரங்க எல்லாம் நம்ம ஊர் வடக்குத்திலேர்ந்து கிளம்பிட்டாங்க. அண்ணன் இன்னிக்கு செகண்ட் ஷிப்டு. வூட்டுல நானும் உங்க மக மலரும்தான் இருக்கோம். உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க இருந்தப்ப தெரியாமப் போச்சு.

நிலக்கரி மைன்ஸ்ல பகல் வெடி வெச்சா நம்ம சன்னல் ஆடும். நாங்க கரண்டியைக்கூடக் கீழ வைக்க மாட்டோம். நீங்க மட்டும் மலரை இழுத்துக்கினு கட்டிலுக்கடியில படுத்துடுவீங்க. யாழ்ப்பாணத்துலேர்ந்து வந்து இத்தனை வருசம் ஆகியும் இப்படியான்னு, தெருவே கேக்க "பயந்தாங்கொள்ளி அண்ணி"ன்னு சிரிச்சது நான்தான். மலரும் கூடச் சேர்ந்து சிரிச்சா. நீங்க தூசியைத் தட்டிக்கினு அடுப்படிக்குப் போயிட்டீங்க.

காரியத்துக்கு அகதி முகாம்லேர்ந்து உங்க ஊர் அக்கா ஒருத்தங்க வந்தாங்க. அவங்ககிட்டயும் இந்தக் கதையைச் சொல்லி வெச்சேன். என் வாயைக் கொண்டுபோய் எங்க போட! அவங்க சிரிக்கலை.

"அவளோ பயந்தவள்? சண்டை நேரம் எங்கட தெருவில முதல்ல மண்வெட்டி எடுத்தது அவள்தான், பிள்ளை."

பதினேழு வயசாம் உங்களுக்கு. குண்டுக்கு ஒளிய ஆளுயரப் பள்ளம், பங்கர்னு சொன்னாங்க. நேரா வெட்டினா சிதறுற துண்டு உள்ள பாயும்னு வாசலை வளைச்சு வெட்டச் சொன்னீங்களாம். வாத்தியார், தையல்காரர், கைக்குழந்தைக்காரி, எல்லாரும் தோண்டினாங்களாம். ஓடாத ரயிலோட தண்டவாளக் கட்டையைப் பெயர்த்து, பனைமரத் துண்டோட சேர்த்துக் கூரை போட்டீங்களாம். மேல அடுக்க மண்மூட்டைக்குச் சாக்கு தீர்ந்ததும் உங்க அம்மாவோட கூறைப்புடவையை நீங்களே கிழிச்சுப் பை தைச்சீங்களாமே! மெஷின் மலை மலையா மண் அள்ளுறதைப் பார்த்து வளர்ந்தவ நான். ஒரு தெரு ஜனம் வெறும் மண்வெட்டியில பூமிக்குள்ள வூடு கட்டியிருக்கு அண்ணி!

விமானச் சத்தம் கேட்டா எல்லாரையும் இறக்கிட்டுக் கடைசியாத்தான் நீங்க இறங்குவீங்களாம். இப்பதான் எனக்கு உறைக்குது, கட்டிலுக்கடியிலயும் மலரைச் சுவர்ப் பக்கம் தள்ளிட்டு நீங்க வெளிப் பக்கம் படுப்பீங்க. ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லலை? நான் சிரிச்சப்ப கன்னத்துல ஒண்ணு வெச்சிருக்கலாமே?

நேத்து மலர் உங்க போட்டோவை வாட்ஸ்அப்ல போட்டு, "என் பயந்தாங்கொள்ளி அம்மா"ன்னு எழுதியிருக்கா. பாசமாத்தான் எழுதியிருக்கா. ஆனா அந்தச் சொல்லை அவளுக்குக் கொடுத்தது நான்.

சாயங்காலம் குழாயடிக்குப் பொம்பளைங்க வருவாங்க. அவங்க எதிர்லயே மலரை நிறுத்தி, நீங்க யாருன்னு சொல்லப்போறேன். என் தப்பையும் சேர்த்துத்தான் சொல்லுவேன். அப்புறம் அவ என்கிட்டப் பேசாமப் போனாலும் பரவாயில்ல, அவளுக்கு அவ அம்மா யாருன்னு தெரியணும். இது சத்தியம் அண்ணி.

உங்களை அறியாமலே கூட இருந்த,
உங்க வாய்த்துடுக்கு நாத்தனார்