காற்று புகாத வரை

லட்ரோப் பள்ளத்தாக்கு, விக்டோரியா
பிப்ரவரி, ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள ஐரிஸ் அக்காவுக்கு,

உன் ஏரிக்கரைக் காற்றில் நீ சுகமாக இருப்பாய் என்று நினைத்து எழுதுகிறேன். இங்கே நாங்கள் ஜன்னலைத் திறந்தே இரண்டு வாரமாகிறது. நிலக்கரிச் சுரங்கத்தின் வடக்குச் சுவரில் பிடித்த தீ இன்னும் அணையவில்லை. காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல். தக்காளிச் செடிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டேன்.

கிளைவ் தினமும் தண்ணீர்க் குழாய் பிடிக்கப் போகிறார். தீக்கு முன்னால் ஒருநாள், வெட்டிய கரிக்குள் ஒரு முழு மரமே படுத்திருந்ததாம். எங்கள் டெல்லாவுக்குக் காட்ட ஒரு துண்டு கொண்டுவந்தார். பழுப்பாக, ஈரமாக இருந்தது. அதில் ஓர் இலை, தொட்டால் வளைந்தது. இது ஏன் மக்கவில்லை என்று அப்பாவிடம் கேட்டாள். சதுப்பில் விழுந்ததைத் தண்ணீர் மூடிக்கொண்டது, காற்று இல்லாததால் பூஞ்சையால் தின்ன முடியவில்லை, மேலே மேலே மரங்கள் விழுந்து, மணலும் களிமண்ணும் ஏறி அழுத்தி, கோடிக்கணக்கான வருஷத்தில் கரியாயிற்று என்றார். இன்னும் ஆழத்தில், இன்னும் சூட்டில் கிடந்திருந்தால் கல்லாகக் கறுத்திருக்குமாம். நம் ஊர்க் கரி பாதி வழியில் நிற்பது, அதன் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். அவர் சொல்லி முடிப்பதற்குள் இலை காய்ந்து சுருண்டு தூளாகிவிட்டது.

அன்று சிரித்தோம். இப்போதுதான் புரிகிறது. வெட்டுவதற்காகத் தண்ணீரை இறைத்தார்கள், காற்று உள்ளே போனது. காய்ந்த கரி தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்கிறது. மேலே அணைத்தால் உள்ளே நகர்கிறது. எங்கள் தெருவுக்கு அடியிலும் அதே கரிதான், அக்கா.

வியாழக்கிழமை கிளைவைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்தார்கள். ஓயாத வாந்தி. எரியும் கரியிலிருந்து வரும் வாயு, அதற்கு வாசனையே கிடையாது என்றார் டாக்டர். டெல்லா தண்ணீர் கொடுத்தாள். வாங்கிக் குடித்துவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"இது யாரு வீட்டுப் பொண்ணு, மெர்ல்?"

கொஞ்ச நேரத்தில் வாயுவின் மயக்கம் தெளிந்துவிட்டது. விளையாட்டுக்குக் கேட்டேன் என்று அவளிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. நேற்று மறுபடி பூட்ஸை மாட்டினார். போகவேண்டாம் என்று கையைப் பிடித்தேன்.

"நான் போகலைன்னா அது இங்க வந்துரும். விடு," என்றார்.

செவ்வாய்க்கிழமை ரயிலில் டெல்லாவை அனுப்புகிறேன். பேர்ன்ஸ்டேல் ஸ்டேஷனுக்கு வந்துவிடு. இருமினால் தேன் கொடு. நான் ஏன் வரவில்லை என்று கேட்காதே. அவர் திரும்பி வரும்போது, அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட வீட்டில் ஒரு ஆள் வேண்டும்.

அப்பா என்ன சொன்னார் என்று அவள் கேட்டால், தினமும் அவள் பெயரைச் சொல்லித்தான் விசாரிக்கிறார் என்று சொல். என் கடிதம் வந்தாலும் வராவிட்டாலும் சொல்.

உன் தங்கை,
மெர்ல்