மகள் எழுதிய ஒரு வாக்கியம்

ஐப்பசி, செவ்வாய்.

கணவரின் தங்கை தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கூடமாட நிற்கவும் பத்தியம் வைக்கவும் ஆள் வேண்டும். "மூணு மாசந்தான, வேலைய விட்டுட்டு அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்றார் இவர். வண்ணார்பேட்டை மருந்துக்கடையில் இன்று சொல்லிவிட்டு வந்தேன். நாளையே வேறு பெண் வருகிறாளாம்.

சாயங்காலம் மகளுக்கு ஆங்கில வீட்டுப்பாடம். 'அட்ஜஸ்ட்' என்பதற்கு அதே பொருளில் மூன்று சொற்கள், பிறகு ஒரு வாக்கியம். சொற்களை நான் சொன்னேன். வாக்கியத்தை அவளே எழுதினாள்: 'மை மதர் ஆல்வேஸ் அட்ஜஸ்ட்ஸ்.'

"ஏளா, அப்பாவ வச்சு எழுதேன்" என்றேன்.

"அப்பா எப்பம்மா அட்ஜஸ்ட் பண்ணுதாங்க? டீச்சர் தப்புன்னு சுழிச்சிருவாங்க."

முன்னறையில் இவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

அந்த வாக்கியத்துக்குக் கீழே பெற்றோர் கையெழுத்தையும் நான்தான் போட்டேன்.