மலைமேல் நீங்கள் வைத்த மூன்று கல்

என் அருமை அண்ணிக்கு,

அங்கேயாவது சாக்பீஸ் தூசி இல்லாமல் நிம்மதியாக மூச்சு விடுகிறீர்களா? இங்கே உங்கள் எட்டாம் வகுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. கணக்கு டீச்சராகச் சிவனே என்று இருந்தவளைக் கூப்பிட்டு, "உங்க அண்ணி எடுத்த சமூக அறிவியலை நீங்களே பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டார்கள். எடுத்த எடுப்பில் பாறைகள் பாடம். உங்களை நன்றாகத் திட்டினேன்.

வீட்டுச் செய்தி சொல்கிறேன். நஞ்சன்கூடு ரோட்டில் நீங்கள் கட்ட ஆரம்பித்த வீடு முடிந்துவிட்டது. பெயின்ட்கூடக் காய்ந்தாயிற்று. ஆனால் அண்ணன் குடிபோக மாட்டேன் என்கிறார். "அவ இல்லாத வீட்டுல நான் என்ன பண்றது, அம்மணி? வாடகைக்கு விட்டுரலாம்" என்று ஒரே பேச்சு. சாவி ஃப்ரிட்ஜ் மேல் கிடக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வருகிறது. அந்த வீட்டுக்காக எத்தனை தீபாவளிக்குப் புடவை வேண்டாம் என்றீர்கள், அண்ணி?

சரி, பாடத்துக்கு வருகிறேன். பூமிக்குள் கொதித்த குழம்பு ஆறி இறுகினால் தீப்பாறை, அடுக்கடுக்காகப் படிந்து இறுகினால் படிவுப் பாறை, சூட்டிலும் அழுத்தத்திலும் குணம் மாறினால் உருமாறிய பாறை. நான் சொன்னால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள். நீங்கள் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொன்னீர்களே!

"கௌரி, நீதான் தீப்பாறை, எப்பப் பாரு கொதிப்பு. உங்கண்ணன் படிவுப் பாறை. பத்து விஷயம் உள்ள படிஞ்சாத்தான் ஒரு வார்த்தை வெளிய வரும். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல மாட்டி நான் உருமாறியே போயிட்டேன்."

நீங்கள் செய்ததுபோலவே பிள்ளைகளைச் சாமுண்டி மலைக்குக் கூட்டிப்போனேன். கையில் இங்க் ஃபில்லர், அதில் எலுமிச்சைச் சாறு. ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக் கல், சலவைக்கல் என்றால் நுரைக்கும், கருங்கல் சும்மா இருக்கும். மலை முழுக்கக் கருங்கல்தானே, எதுவும் நுரைக்காது என்று தைரியமாக இருந்தேன்.

நந்தி சிலைக்குக் கீழே படியோரத்தில், சொந்த வீடு வேண்டும் என்று ஜனங்கள் கல்மேல் கல் அடுக்கி வேண்டிக்கொள்கிற இடம் உங்களுக்குத் தெரியும். "அதுல யாரும் கை வைக்கக் கூடாது, ஒவ்வொண்ணும் ஒருத்தரோட வீடு" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் பாக்யா என்கிற வாயாடி ஓர் அடுக்கின் மேல் சாற்றைச் சொட்டவிட்டாள். நுரைத்தது. "மிஸ், ஈ கல்லு இல்லிதல்லா!" இந்தக் கல் இங்கே உள்ளதே இல்லை என்று கன்னடத்தில் ஒரே கத்தல். இரண்டு சாத்து சாத்தலாம் என்று ஓடினேன்.

அடியில் மலையின் கருங்கல். நடுவில் கறுப்பாக ஒரு கடப்பாக் கல். உச்சியில் வெள்ளைச் சலவைக்கல். தீப்பாறை, படிவுப் பாறை, உருமாறிய பாறை. உங்களை விட்டால் வேறு யார் இப்படி அடுக்குவார்கள்? அந்தக் கடப்பா நம் புது வீட்டு அலமாரிக்கு வெட்டியதில் மிஞ்சியது, எனக்குத் தெரியாதா?

போன ஆஷாட மாத வெள்ளிக்கிழமை, ஊரே மலையேறுகிற நாளில், மருந்தில் முடி கொட்டிய தலையில் துணியைச் சுற்றிக்கொண்டு, "அம்மனைப் பாத்துட்டு வந்துடறேன்" என்று தனியாக பஸ் ஏறினீர்களே, அன்றைக்கா? ஒரு தம்ளர் தண்ணீரைத் தூக்கவே தெம்பில்லாத உடம்பு. அந்தக் கூட்டத்தில், பையில் கல்லைச் சுமந்துகொண்டா போனீர்கள்? புத்தி இருக்கிறதா உங்களுக்கு? பிள்ளைகள் முன்னாலேயே அழுதுவிட்டேன்.

பாக்யா பயந்துபோய், இது யாருடைய வீடு என்று கேட்டாள். உங்க சுகுணா மிஸ்ஸோடது என்றேன். வீடு கட்டிவிட்டார்களா என்றாள். கட்டியாச்சு என்றேன். "அப்ப அதுல யாரு இருக்காங்க மிஸ்?" என்றாள். எல்லோரையும் வரிசையில் நிற்கச் சொல்லிக் கீழே கூட்டிவந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணனை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு போனேன். உச்சிக் கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது சாமி ரூம் படிக்கு வெட்டுனதுல விழுந்த துண்டு, அம்மணி. இதைக் காணோம்னு டைல்ஸ்காரங்கிட்ட எவ்வளவு சத்தம் போட்டேன்! திருடி இவளா?" என்று சிரித்தார். சிரிப்பு அப்படியே அழுகையாகிவிட்டது.

"அடியில நான், நடுவுல நீங்க, மேல அண்ணி" என்றேன்.

"மூணு பேருமா?"

"மூணு பேருந்தான்."

கல்லை அதே இடத்தில் வைத்தார். ஆடாமல் நிற்கிறதா என்று விரலால் தொட்டுப் பார்த்தார். "அங்கயும் நம்ம தலைமேல ஏறி உக்காந்திருக்கா பாரு" என்றார். அப்புறம் படி இறங்கி முடிக்கும்வரை ஒரு பேச்சு இல்லை. உள்ளே ஏதோ படிகிறது என்று நானும் வாயை மூடிக்கொண்டு வந்தேன், நம்புவீர்களா? பஸ் வந்து நின்றபோதுதான் சொன்னார்: "பால் காய்ச்ச ஒரு நல்ல நாள் பாரு, அம்மணி."

சாவியை ஃப்ரிட்ஜ் மேலிருந்து எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன், அண்ணி. வருஷா வருஷம் எட்டாம் வகுப்பை அந்தப் படியோரத்துக்குக் கூட்டிப்போவேன், உங்கள் கல்மேல் ஒரு சொட்டுச் சாறு விடச் சொல்வேன், ஒருத்தரையும் அசைக்க விடமாட்டேன். இது சத்தியம். அந்த வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்ட பாக்யாவுக்கு நாளைக்கு முதல் பீரியடிலேயே பதில் சொல்லிவிடுகிறேன்: மூன்று பேர்.

இன்னும் கொதிப்பு அடங்காத
உங்கள் நாத்தனார்,
கௌரி