பூஜைப் பலகையில் துப்பாக்கி

மஞ்சக்குட்டை,
புரட்டாசி 27

கண்ணு விஜயகுமாருக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் கை கால் சுகத்தோடு நடமாடுகிறோம், அங்கே டெக்சாஸில் நீயும் கீர்த்திகாவும் வெண்ணிலாக் குட்டியும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கச் சேர்வராயன் சாமி பார்த்துக்கொள்ளட்டும். ஒரு வாரமாக மழை விடவில்லை, காபிக் காய் கொஞ்சம் உதிர்ந்துவிட்டது, மிளகு பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, சேலத்து டாக்டர் கொடுத்த பட்டையைக் கட்டிக்கொண்டு நடக்கிறாள். போன் இருக்கும்போது இந்த மனுஷன் எதற்குப் பேப்பரில் எழுதி அதைப் போட்டோ எடுத்து அனுப்புகிறான் என்று நினைப்பாய். போனில் நான் வாயெடுத்தால் நீ, இங்க நிலைமை வேறங்கப்பா என்று ஆரம்பித்துவிடுவாய், நான் சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடும். பேப்பரிடம் குறுக்கே பேச முடியாது, அதனால் முழுக்கப் படி.

ஆயுத பூஜை அன்று நம் குடும்ப குரூப்பில் நீ போட்ட படத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். பலகையில் கார் சாவி, உன் லேப்டாப், வெண்ணிலாவின் ஸ்கூல் புத்தகம், பக்கத்தில் பொரிகடலை, நடுவில் அந்தத் துப்பாக்கி, அதற்குச் சந்தனம், குங்குமம், மேலே ஒரு செவ்வந்திப் பூ வேறு. நம் ஜனம் ஒவ்வொன்றும் அதற்குக் கும்பிடு போட்டு அனுப்பியிருந்தது. சாப்பிட உட்கார்ந்த நான் தட்டைத் தள்ளிவிட்டேன். நம் வீட்டில் கவாத்துக் கத்தி வைப்போம், மண்வெட்டி வைப்போம், காபிப் பழம் உரிக்கிற பல்ப்பருக்குப் பொட்டு வைப்போம், அதெல்லாம் நமக்குச் சோறு போட்டது. என் லைசென்ஸ் துப்பாக்கி நாற்பது வருஷமாகச் சுவரில் தொங்கியது, ஒரு பூஜைக்காவது அதை இறக்கிக் குங்குமம் வைத்திருக்கிறேனா. யாரும் வைக்கக் கூடாது என்று சொல்லவில்லை, எனக்குக் கை போகவில்லை, அவ்வளவுதான். கிரீன் கார்டு வந்ததும் ஒரு எட்டு ஊருக்கு வருவாய் என்று இருந்தோம், நீ முதலில் வாங்கினது இதை.

ஆனால் உன்னை மட்டும் காறித் துப்ப எனக்கு யோக்கியதை இல்லை. ஆடி மாசம், இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் கதவை உடைத்துவிட்டார்கள் என்று சொல்லி மூன்று துப்பாக்கிப் படம் அனுப்பினாய். உங்களுக்குத்தான் துப்பாக்கி தெரியுமேப்பா, எது நல்லாருக்கும் சொல்லுங்க என்றாய். நீ வீடு வாங்கினபோது என்னைக் கேட்கவில்லை, வேலை மாறினபோது கேட்கவில்லை, கார் வாங்கினபோதும் கேட்கவில்லை. அமெரிக்கா போய்ப் பதினொரு வருஷம் கழித்து மகன் ஒரு யோசனை கேட்கிறான் என்றதும் எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, படத்தைப் பெரிசாக்கிப் பார்த்து, சின்னது கையில் துள்ளும், அந்த உருளை வைத்தது நொம்பப் பழைய மாதிரி, நடுவில் இருப்பதற்குப் பிடி நன்றாக இருக்கிறது, அதையே வாங்கு என்று சந்தையில் மாடு பிடிக்கிறவன் கணக்காக அளந்தேன். உன் அம்மா அடுப்படியிலிருந்து, ஏனுங்க, அவன் ஊட்டுல ஆறு வயசுப் புள்ள இருக்குதுங்க, நீங்க பாட்டுக்குப் பல்லைப் புடிச்சுப் பாக்கறீங்களே என்றாள். உனக்கு இதெல்லாம் தெரியாது, சும்மா இரு என்று அவள் வாயை அடைத்தேன். இன்றைக்கு அதை நினைத்தால் என் மேலேயே எனக்குக் கூசுகிறது.

பன்றி வந்து சாமையை உழுதுபோடுகிறது என்று மனுக் கொடுத்து, வி.ஏ.ஓ., தாசில்தார், ஸ்டேஷன் என்று இரண்டு வருஷம் அலைந்து நான் லைசென்ஸ் வாங்கினேன். வாங்கினதிலிருந்து மேகத்தைப் பார்த்துச் சுட்டதுதான், சத்தம் கேட்டுப் பன்றி ஓடிவிடும். நீ முக்கால் மணி நேரத்தில் பில் போட்டு, இலவசமாக ஒரு தொப்பியும் வாங்கிக்கொண்டு வந்தாய். அப்புறம் உன் ஆபீஸ் சிநேகிதன் ஷெர்வின் கூட்டிக்கொண்டு போன இடத்தில் சுட்டுப் பழகுகிற வீடியோ. எதிரில் நிற்கிற அட்டைக்குத் தலையும் தோளும் இருக்கிறது கண்ணு. அதன் நெஞ்சில் ஓட்டை விழுந்ததும் எல்லாரும் கை தட்டுகிறீர்கள், கீர்த்திகா தனக்கு ரோஸ் கலர் பிடி போட்டதாக வேண்டும் என்று சிரிக்கிறாள். புடவைக் கடையா அது. சீ, என்ன பிழைப்பு என்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன்.

இதெல்லாம்கூட வயசானவன் வெறுப்பு என்று நீ தள்ளிவிடலாம். பூஜைக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெண்ணிலா போனில் வந்தாள் பார், அதை எப்படித் தள்ளுவாய். பூஜைக்கு நீ என்ன பண்ணினாய் சாமி என்று விளையாட்டாகத்தான் கேட்டேன். எல்லாத்துக்கும் நான்தான் தாத்தா பொட்டு வெச்சேன் என்றாள். துப்பாக்கிக்குமா என்றேன், ஆமாம் என்றாள். அப்பா எடுத்துக் கொடுத்தாரா என்றதற்கு, அப்பா குளிச்சிட்டு இருந்தாங்க, நானே பெட்டியைத் தொறந்து எடுத்தேன் என்றாள். அதற்குப் பூட்டு இருக்குமே என்றேன். அது என் பொறந்த நாள் நம்பர்தானே தாத்தா, உங்களுக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டுவிட்டுச் சிரிக்கிறாள். நீ என்னிடம் சொன்னது, இரும்புப் பெட்டிங்கப்பா, போலீஸே வந்தாலும் தொறக்க முடியாது என்று. உடனே உனக்குப் போன் போட்டேன். நீயும் சிரித்தாய். குண்டைக் கழட்டித் தனியாத்தாங்கப்பா வெச்சிருந்தேன், நம்பரை மாத்திடறேன், விடுங்க என்றாய். நீ கெட்டவன் இல்லை என்று எனக்குத் தெரியும், ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்ததும், இவன் நம்பரை மாத்துனா அந்தப் புள்ள புது நம்பரைத் தெரிஞ்சுக்கும், அவ்வளவுதானுங்க என்றாள். அப்புறம் முப்பது வருஷமாக என்னிடம் சொல்லாததைச் சொன்னாள். உனக்கு எட்டு வயசு, நான் ஒரு சாவுக்கு நாகலூர் போயிருந்த அன்று. நீ முக்காலி போட்டு ஏறித் துப்பாக்கியை இறக்கியிருக்கிறாய். தோட்டாவை நான் சாமை டிரம்மில் தானியத்துக்கு அடியில் புதைத்து வைத்திருந்தேன், அதையும் தோண்டி எடுத்திருக்கிறாய். அம்மா அடுப்புக்கு முன்னால் குனிந்து ஊதிக்கொண்டிருந்தாளாம். பன்றி மாட்டிக்கிச்சு என்று உன் குரல் கேட்டுத் தலையைத் திருப்பினால் துப்பாக்கிக் குழல் அவள் முதுகுக்கு நேரே. கத்தினால் உன் விரல் பதறிவிடும் என்று அவள் கத்தவில்லை. அப்பா தோட்டாவை எப்படிக் கழட்டுவாரு சாமி, எனக்குக் காட்டு பாக்கலாம் என்றாளாம். நீ சட்டென்று குழலை மடக்கி, தோட்டாவை உருவி, அவள் கையில் கொடுத்தாயாம், அத்தனை பழக்கமாக. நான் ஒரு நாளும் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, நீ பார்த்தே தெரிந்துகொண்டாய். என்னிடம் சொன்னால் உன் தோலை உரித்துவிடுவேன் என்று பயந்து, டிரம்மை மூடி, துப்பாக்கியை மாட்டிவிட்டு, உன்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். உனக்கு ஞாபகம் இருக்கும், எட்டு வயசு மறந்துபோகிற வயசு இல்லை. ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள், நான் இனிப் பன்றி எல்லாவற்றையும் தின்றுவிடும் என்று புலம்பிக்கொண்டே போவேன். அந்த மாசம்தானுங்க நான் நல்லாத் தூங்குவேன் என்கிறாள் இப்போது. அது இந்த வீட்டுக்குக் காவல் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இவள் இத்தனை வருஷமும் அதனிடமிருந்து வீட்டைக் காவல் காத்திருக்கிறாள்.

நேற்று முதல் பஸ்ஸில் துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஏற்காடு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே இருந்த ரைட்டர், எலெக்‌ஷன் இன்னும் வரலீங்களே, அதுக்குள்ள எதுக்குக் கொண்டாந்தீங்க என்றார். ஒப்படைக்க வரவில்லை, லைசென்ஸே வேண்டாம் என்றேன். பேப்பர் கொடுத்துக் காரணம் எழுதச் சொன்னார். பெஞ்சில் உட்கார்ந்து நொம்ப நேரம் யோசித்து, என் மகன் எட்டு வயதில் இதை எடுத்துத் தன் தாயைக் குறி பார்த்தான், எனக்கு இப்போதுதான் தெரிந்தது என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, வயசாயிடுச்சு, பராமரிக்க முடியலைன்னு எழுதுனாப் போதுங்க என்று வேறு பேப்பர் நீட்டினார். இருக்கட்டுங்க, இதுதான் காரணம் என்று சொல்லிவிட்டேன். அவர் அதிலேயே சீல் போட்டார். சுவரில் அது இருந்த இடம் மட்டும் இப்போது வெள்ளையாகத் தெரிகிறது, தைக்கு முன்னால் சுண்ணாம்பு அடிக்க வேண்டும்.

நீ நம்பரை மாற்றிவிட்டு உட்கார்ந்துகொள்ளாதே. வாங்கின கடையில் திருப்பிக் கொடுத்துவிடு, எடுக்க மாட்டேன் என்றால் அந்த ஊர்ப் போலீஸில் கொண்டுபோய் ஒப்படை, போன காசு போகட்டும். கதவுக்கு நல்ல தாழ்ப்பாளாகப் போடு, ஒரு நாய் வாங்கி வளர்த்துக்கொள். கீர்த்திகாவிடம் கோபமாக ஒன்றும் பேசாதே, வாங்கு என்று முதலில் சொன்னவன் நான். தீபாவளிக்கு வெண்ணிலாவுக்கு எண்ணெய் வைத்துக் குளிப்பாட்டுங்கள். மூன்று பேரும் நூறு வருஷம் நன்றாக இருக்க எங்கள் ஆசீர்வாதம். அம்மாவுக்கு விசா வந்துவிட்டது, தை மாசம் அங்கே வரத் தயாராகத்தான் இருக்கிறாள். உன் வீட்டு அடுப்படியில் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று சமைக்கலாமா என்று மட்டும் உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். பதில் போடு.

இப்படிக்கு,
உன் அப்பா
சின்னசாமி