கரம்பொன் பக்கம் திருப்பிய வான்

வேலணை,
16.06.2025

மதிப்புக்குரிய சம்பந்தி எமிலியானுஸ் அவர்களுக்கு,

தியாகலிங்கம் எழுதுவது. உங்கள் மகள் ஜெனீற்றா எங்கள் மருமகளாகி ஒன்பது வருடம். நான் உங்களுக்கு எழுதும் முதற்கடிதம் இதுதான். பேசாலையில் மூத்த மகனோடு இருப்பதாக அறிந்தேன். முழங்கால் நோவு குறைந்ததா? இங்கே மழை இல்லை, கிணறு உவர்த்துவிட்டது. வேறு குறையில்லை.

மாசியில் பேத்திக்கு டெங்குக் காய்ச்சல். ஆறு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சுகமானால் நயினாதீவு அம்மனிடம் கூட்டிவருவதாக நேர்ந்திருந்தேன். போன சனிக்கிழமை அயலவரின் வானில் மகன் சுதன், ஜெனீற்றா, பேத்தி மூவரையும் ஏற்றிக்கொண்டு போனேன். முப்பது வருடம் பஸ் ஓடியவன். ஸ்ரியறிங்கை வேறு யாருக்கும் கொடுக்க மனம் வராது. குறிகட்டுவானில் வானை விட்டுப் படகேறினோம். அபிஷேகம் பார்த்து, அன்னதானம் சாப்பிட்டு, நாகவிகாரைக்கும் போய்க் கும்பிட்டோம்.

திரும்பும்போது படகில் பேத்தி தாயிடம், நீங்கள் யாரிடம் நேர்ந்தீர்கள் என்று கேட்டாள். தன் ஊர்க் கரம்பொன் மாதாவிடம் என்றாள் ஜெனீற்றா. ஆனால் அங்கே தன்னால் போக ஏலாது என்றாள். எனக்கு அது அன்றுதான் தெரியும்.

வங்களாவடிச் சந்தியில் வீட்டுக்குத் திருப்பாமல் கரம்பொனுக்குப் போகும் ஊர்காவற்றுறை வீதியில் வானை விட்டேன். அவள் பதறிப்போனாள். சைவக்காரனைக் கட்டியவள் தாயின் செத்தவீட்டுக்கும் வரக்கூடாது, தாயைப் புதைத்த சேமக்காலையிலும் கால் வைக்கக்கூடாது என்று நீங்கள் சொன்னதை நினைவுபடுத்தினாள். நீங்கள் அதைச் சொன்னபோது அவள் ஏழு மாதக் கர்ப்பிணி.

“பிள்ளை, உம்மடை அப்பா உமக்குத்தான் சொன்னவர். எனக்குச் சொல்லேல்லை. வான் ஓடுறது நான்” என்றேன்.

கோவிலில் மெழுகுதிரி கொளுத்திவிட்டுச் சேமக்காலைக்குப் போனோம். உங்கள் தம்பி அன்ரனிதாஸ் வந்து மறித்தார். அண்ணைக்குத் தெரிந்தால் பிரச்சினை என்றார். “நான்தான் கூட்டியந்தனான் எண்டு நானே அவருக்கு எழுதுறன்” என்றேன். அதனால்தான் இந்தக் கடிதம். பிறகு அவர் தானே மண்வெட்டி கொண்டுவந்து கல்லறையை மூடிக்கிடந்த பற்றையை வெட்டினார். அவரைக் கோபிக்கவேண்டாம்.

ஜெனீற்றா கல்லைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. பேத்தி கல்லிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தாள். மேரிஜோசப்பின்.

“அப்பப்பா, இதிலை என்ரை பேரும் கிடக்கு” என்றாள்.

ஓம் சம்பந்தி, அவள் பெயர் ஜோசப்பின் தர்சனா. ஜெனீற்றா ஆசைப்பட்டாள், வைத்தோம். இதை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார்கள்.

ஓகஸ்ட் மாதம் மடுத் திருவிழாவுக்கு வருகிறோம். பூநகரி வழியாக வந்து, முதலில் பேசாலையில் உங்கள் வாசலில் நிற்பாட்டுவேன். கோபம் இருந்தால் என்னை ஏசுங்கள், இறங்கி நின்று கேட்பேன். பிள்ளை முன்னால் மட்டும் கதவைச் சாத்தவேண்டாம். அம்மப்பா எப்படியிருப்பார் என்று கேட்கிறாள். காட்ட எங்களிடம் ஒரு படமும் இல்லை.

உங்கள் முழங்காலுக்குப் பின் சீற் சரிவராது. முன் சீற்றில் யாரையும் ஏற்றாமல் வருவேன்.

மாதாவும் அம்மனும் அதுவரை உங்களைச் சுகமாக வைத்திருக்கட்டும்.

உங்கள் சம்பந்தி,
வே. தியாகலிங்கம்